கல்லும் கரையுமோ?

ஒரு சாஸ்திரத்தை ஐயந்திரிபறக் கற்றவரை, ‘அதைக் கரைத்துக் குடித்தவர்’ என்று புகழ்வது நம் வழக்கம். மனிதர் விஷயத்தில் இது உபசார வார்த்தை. பயிர் விஷயத்திலோ இது எழுத்துக்கு எழுத்து உண்மை. பயிருக்குப் பல் கிடையாது. எதையும் மென்று தின்ன அதனால் இயலாது. வேர் வழியாக அது பெறும் சத்துக்கள் யாவும் முதலில் மண்ணின் ஈரத்தில் கரைந்தாக வேண்டும். கரைந்ததை அது குடிக்கும். கரையாத பொருள் வேரைத் தொட்டுக்கொண்டு கிடந்தாலும் அதற்கு இல்லாத பொருளே.

ஆகையால், ‘இந்தப் பொருள் தண்ணீரில் எவ்வளவு கரையும்?’ என்ற கேள்வியைக் கல்லூரி மாணவர் பரீட்சைக்குப் படிக்கும் கேள்வி என்று மட்டும் நேயர்கள் எண்ணிவிடலாகாது. அது குடியானவரின் குதிரைப் பற்றிய கேள்வி. உரத்துக்காக நம் தேசம் அந்நிய நாடுகளுக்கு ஆண்டுதோறும் அனுப்பும் பெரும் பணத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும். இந்தக் கேள்வியைத் தமிழ் நாட்டுக் கல் ஒன்று நூறாண்டுகளுக்கு மேலாக நம்மிடம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் கதையை இங்கே சொல்லுவோம்.

கடல் விட்டுச் சென்ற செல்வம்

பழைய திருச்சினாப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்த பெரம்பலூர் 1995-ஆம் ஆண்டில் தனி ஜில்லாவாயிற்று. அரியலூரும் 2007 முதல் தனி ஜில்லாவாக விளங்கி வருகிறது. இன்று அவ்வழியே செல்பவர் கரிசல் காடுகளையும், பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும் புன்செய்களையும், சிமெண்டு ஆலைகளின் புகைப்போக்கிகளையும் காண்பார். ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே அலை வீசிக்கொண்டிருந்தது என்றால் நம்புவது கடினந்தான். ஆயினும் அது உண்மை. கடல் பின்வாங்கிய பின் அதன் அடித்தரையே நிலமாயிற்று. சிப்பிகளும், ஆட்டுக்கடாவின் கொம்பைப் போலச் சுருண்ட பிராணிகளின் ஓடுகளும் கல்லாகி இன்றும் அங்கே அகப்படுகின்றன.

இந்தப் பாறைகளை ஆராய்ந்து பிளான்போர்டு என்ற பூகர்ப்ப சாஸ்திரி எழுதிய விரிவான நூல் 1862-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பாறை அடுக்குகளில் கீழே உள்ளதற்கு ஊட்டத்தூர் அடுக்கு என்றும், மேலே உள்ளதற்கு அரியலூர் அடுக்கு என்றும் பெயர் வழங்குகிறது. உலகத்துப் பூகர்ப்ப நூல்களில் இவ்விரு தமிழ்ப் பெயர்களும் இடம் பெற்றிருக்கின்றன.

ஊட்டத்தூர் அடுக்கின் களிமண்ணில், ஊட்டத்தூர், காரை முதலிய ஊர்களின் பக்கத்தில், உருண்டை உருண்டையான கற்கள் கிடக்கின்றன. பார்வைக்கு எவ்விதக் கவர்ச்சியும் இல்லாதவை. ஆனால் அவற்றில் அடங்கியிருப்பது பாஸ்பேட். விதைக்குத் திரட்சியும் வேருக்கு வலிமையும் தரும் மணிச்சத்து என்று நம் விவசாய இலாகாவினர் சொல்லுவது இதையேதான். இந்தியப் பூகர்ப்ப ஆராய்ச்சி இலாகாவைச் சேர்ந்த டாக்டர் வார்த் என்பவர் 1893-ஆம் ஆண்டு வாக்கில் இக்கற்களைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார். 200 அடி ஆழம் வரையில் சுமார் 80 லட்சம் டன் இருக்கக் கூடும் என்பது அவருடைய மதிப்பு. கற்களை ரஸாயன முறையில் பகுத்துப் பார்த்ததில், 100-க்கு 56 முதல் 59 பங்கு சுண்ணாம்பு பாஸ்பேட்டும், 16 பங்கு சாதாரணச் சுண்ணாம்புக் கல்லின் சத்தும் இருக்கக் கண்டார்கள்.

80 லட்சம் டன்! இவ்வளவு செல்வம் காலடியில் கிடக்க, வெளிநாட்டு உரத்துக்கு நாம் ஏன் கை ஏந்த வேண்டும் என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? அவசரப்பட வேண்டாம். கல்லுக்குள் சத்து இருப்பது ஒன்று. அது கரைந்து வெளிவருவது வேறொன்று. பெட்டியில் பணம் இருந்தென்ன, பூட்டுத் திறக்காவிட்டால்?

கரைதிறனை அளப்பது எவ்வாறு?

ஒரு பொருள் கரையுமா என்பதைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். பரிசோதனைச் சாலையில் கண்ணை நம்புவதில்லை, தராசையே நம்புகிறார்கள். சோதிக்க வேண்டிய பொருளை நன்றாகப் பொடித்து, கரையக் கூடியதற்கும் அதிகமாகவே எடுத்து, காய்ச்சி வடித்த தூய நீரில் இடுகிறார்கள். நீரின் உஷ்ணம் கூடாமலும் குறையாமலும் ஒரே நிலையில் வைத்து, ஒரு நாள் முழுவதும் கலக்கிக்கொண்டே இருப்பார்கள். பிறகு வடிகட்டித் தெளிந்த நீரில் ஓர் அளவு எடுத்து, நீரை வற்றச் செய்து, அடியில் தங்கியதை நிறுப்பார்கள். மறுநாளும் அதற்கடுத்த நாளும் இவ்வாறே செய்து, எடை மாறாமல் நின்ற பிறகுதான், ‘இதற்கு மேல் இந்த நீர் ஏற்றுக்கொள்ளாது’ என்று முடிவு கட்டுவார்கள்.

இப்படி அளந்து பார்த்தால், சாதாரண உஷ்ணத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 2 கிலோ சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். உப்பாயின் 360 கிராம். ஊட்டத்தூர்க் களிமண்ணிலேயே நரம்பு நரம்பாக ஓடும் ஜிப்ஸம் என்ற கல்லாயின் 2 கிராமுக்குச் சற்று அதிகம். அரியலூரில் சிமெண்டுக்காக வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக் கல்லோ தூய நீரில் ஒரு கிராமில் 60-இல் ஒரு பங்கு கூடக் கரைவது அரிது. பாஸ்பேட் கல் இந்த வரிசையின் கடைசியில் நிற்கிறது. கரையவில்லை என்றே சொல்லிவிடலாம்.

உரத்தைச் சோதிக்கும்போது கேள்வி சற்று மாறுகிறது. ‘இதிலுள்ள மணிச்சத்தில் எத்தனை பங்கை நீர் கொண்டுபோகும்?’ என்பதே அறிய வேண்டுவது. ஒரு கிராம் உரத்தை வடிதாளின் மேல் இட்டு, சிறிது சிறிதாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள். ஒரு தடவை ஊற்றியது முழுவதும் வடிந்த பிறகே அடுத்த தடவை ஊற்ற வேண்டும். வடிந்த நீர் சுமார் 250 மில்லி லிட்டர் சேர்ந்ததும் நிறுத்திவிடுவார்கள். இந்த வேலை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும் என்பது விதி. வடிந்த நீரில் நைட்ரிக் அமிலமும் அமோனியம் மாலிப்டேட் என்ற உப்பும் சேர்த்துச் சூடாக்கினால், பாஸ்பேட் இருக்குமாயின் மஞ்சள் பொடி போன்ற ஒரு வண்டல் படியும். அந்த வண்டலின் அளவைக் கொண்டு சத்தின் அளவைக் கணக்கிடலாம். சூப்பர் பாஸ்பேட்டைக் கழுவிய நீரில் வண்டல் திரண்டு நிற்கும். காரைக் கல்லின் பொடியைக் கழுவிய நீரில் மஞ்சள் நிறம் தென்படுவதே அரிது.

இங்கே நம் விவசாயிகளுக்கு ஒரு வார்த்தை. சூப்பர் பாஸ்பேட்டைத் தண்ணீரில் போட்டால் அடியில் வெள்ளையாக மண்டி நிற்கும். அதைக் கண்டு, கடைக்காரர் மணலைக் கலந்து ஏமாற்றிவிட்டார் என்று கோபிக்கிறவர்கள் உண்டு. அந்த மண்டி பெரும்பாலும் ஜிப்ஸம். சூப்பர் பாஸ்பேட் செய்யும்போதே அதுவும் உண்டாகி, உரத்தில் ஏறக்குறையப் பாதிக்கு இருக்கிறது. கரையவேண்டிய சத்து கண்ணுக்குத் தெரியாமல் நீரில் கலந்துவிட்டது. மண்டி இருப்பதனால் மோசடி என்றும் சொல்ல முடியாது. மண்டி இல்லாததனால் நல்ல சரக்கு என்றும் சொல்ல முடியாது. சந்தேகம் உள்ளவர்கள் விவசாய இலாகாவின் உரக் கட்டுப்பாட்டு ஆய்வுக்கூடத்தின் தராசையே நாட வேண்டும்.

பூட்டைத் திறந்த சாவி

கரையாத பாஸ்பேட்டைக் கரைய வைக்கும் உபாயத்தைச் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே ஐரோப்பியர் கண்டுகொண்டனர். எலும்பும் பெரும்பாலும் இதே சுண்ணாம்பு பாஸ்பேட்டுதான். எலும்பைக் கந்தக அமிலத்தில் ஊற வைத்தால் அதன் சத்து நீரில் கரையும் நிலையை அடையும் என்று ஜெர்மனி தேசத்து லீபிக் 1840-இல் எழுதினார். இங்கிலாந்தில் லாஸ் என்பவர் 1842-இல் இம்முறைக்கு உரிமை பெற்று, தொழிற்சாலையே ஏற்படுத்திவிட்டார். அதில் செய்த உரமே சூப்பர் பாஸ்பேட். பின்னர் எலும்பின் இடத்தைப் பாஸ்பேட் கல் பெரும்பாலும் பிடித்துக்கொண்டது.

சாவி அங்கே செய்யப்பட்ட காலத்தில் நம் நாட்டிலிருந்து எலும்பு கப்பல் கப்பலாக வெளியே போய்க்கொண்டிருந்தது. நம் விவசாயத்தை ஆராயும் பொருட்டு அனுப்பப்பட்ட டாக்டர் வோல்க்கர் 1893-இல் வெளியிட்ட அறிக்கையில் இந்த எலும்பு ஏற்றுமதியைப் பற்றியும் பேசியிருக்கிறார். தமிழ் நாட்டைப் பொறுத்த வரையில், 1906-ஆம் ஆண்டில் ராணிப்பேட்டையில் பாரி கம்பெனியார் சூப்பர் பாஸ்பேட் செய்யத் தொடங்கினார்கள். இந்தியாவில் அவ்வுரம் செய்வதற்கு அதுவே முதல் தொழிற்சாலை.

அப்படியானால் ஊட்டத்தூர்க் கல்லைத் தோண்டி அமிலத்தில் இட்டுக் கரைத்திருக்கலாமே? இங்கேதான் மூன்று தடைகள் குறுக்கிடுகின்றன.

முதலாவது, கற்கள் ஓரிடத்தில் பாறையாகத் திரண்டு கிடக்கவில்லை. பல இடங்களில் குழி வெட்டிப் பார்த்தபோது, 100 கன அடி மண்ணுக்கு 27 பவுண்டு முதல் 47 பவுண்டு வரையிலேதான் கல் கிடைத்தது. 100 கன அடிக் களிமண் 10,000 பவுண்டுக்கு மேல் நிறுக்கும். ஒரு மூட்டைக் கல்லுக்காக ஒரு மேட்டையே புரட்ட வேண்டும்.

இரண்டாவது தடை கல்லோடு ஒட்டிப் பிறந்த சுண்ணாம்பு. கணக்குப் பிரியமுள்ள நேயர்கள் இதைப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோக் கல்லில் 57 கிலோ பாஸ்பேட் என்று கொண்டால், அதைக் கரையச் செய்யச் சுமார் 36 கிலோ சுத்தமான கந்தக அமிலம் வேண்டும். அதே கல்லில் உள்ள 16 கிலோச் சுண்ணாம்புச் சத்து, தன் பங்குக்கு ஏறக்குறைய 16 கிலோ அமிலத்தைக் குடித்துவிட்டு ஜிப்ஸமாக மாறும். ஆக மொத்தம் 52 கிலோ அமிலத்தில் பத்துக்கு மூன்று பங்கு, விருந்துக்கு அழையாமல் வந்தவனின் இலைக்குப் போய்விடுகிறது! ஜிப்ஸம் நிலக்கடலைக்கு நல்லதுதான். ஆனால் அது அந்த மண்ணிலேயே இயற்கையாகக் கிடைக்கும்போது, விலையுயர்ந்த அமிலத்தைச் செலவிட்டு அதைச் செய்வார் உண்டோ?

மூன்றாவது தடை அமிலத்துக்கு மூலமான கந்தகம். அதில் கணிசமான பங்கு இன்றும் கப்பலில்தான் நமக்கு வருகிறது. கல் சுதேசியாக இருந்தும் சாவி விதேசியாகிவிட்டால் லாபம் எங்கே?

ஊருக்கு ஊர் மாறும் விடை

அமிலமே இல்லாமல், கல்லை மாவாக அரைத்து அப்படியே நிலத்தில் இட்டால் என்ன? இதையும் முயன்று பார்த்தார்கள். ஊட்டத்தூர்க் கல்லின் பொடியைத் தென்னிந்தியக் காபித் தோட்டங்களுக்கு உரமாக விற்க ஒரு முயற்சி நடந்தது; பின்னர் அது கைவிடப்பட்டது. முயற்சி நிற்கவில்லையாயினும், அதன் பின்னே இருந்த எண்ணம் தவறானதன்று. ஏனென்றால், ‘கல் கரையுமா?’ என்ற கேள்விக்கு, ‘எதில்?’ என்ற மறு கேள்வியையும் சேர்த்தே விடை சொல்ல வேண்டும்.

தூய நீர் பரிசோதனைச் சாலையில் உண்டு, வயலில் இல்லை. மலைத் தோட்டங்களில் ஓயாத மழையினால் சுண்ணாம்பு அடித்துக்கொண்டு போகப்பட்டு, மண் புளிப்பு ஏறியிருக்கும். தூய நீர் செய்ய முடியாததை அந்தப் புளிப்பு ஈரம் மெல்ல மெல்லச் செய்துவிடும். ஆகவேதான் இரசாயனிகள் பாஸ்பேட் கல்லைத் தண்ணீரில் மட்டும் சோதித்து நிறுத்துவதில்லை; 100-க்கு 2 பங்கு எலுமிச்சை அமிலம் கலந்த நீரிலும் ஊற வைத்துப் பார்க்கிறார்கள். தண்ணீரில் பூஜ்யம் வாங்கிய கல், இந்தப் பரீட்சையில் சில மதிப்பெண் பெறுவதுண்டு.

நம் அயலகமான இலங்கையிலே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அனுராதபுரம் ஜில்லாவைச் சேர்ந்த எப்பாவலையில் 1971-இல் பாஸ்பேட் கல் கண்டுபிடிக்கப்பட்டது. தண்ணீரில் எளிதில் கரையாத அக்கல்லின் பொடி, சில மாதங்களில் அறுவடையாகும் நெல்லுக்கு ஏற்றதன்று. ஆனால் ஆண்டுக்கணக்கில் நின்று பொறுமையாக உண்ணும் தேயிலை, ரப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அது இடப்பட்டு வருகிறது. அந்தச் சுரங்கத்தை அந்நியக் கம்பெனி ஒன்றுக்கு விட ஏற்பாடு நடந்தபோது, ஊர்மக்கள் வழக்குத் தொடுத்தனர். 2000-ஆம் ஆண்டில் இலங்கை உயர்நீதிமன்றம் அந்த ஏற்பாட்டைத் தடுத்து நிறுத்தியது. மெதுவாகக் கரையும் கல்லையும், அது கரையும் இடமறிந்து பயன்படுத்தினால் செல்வமே என்பதற்கு இது சான்று.

ஆனால் பெரம்பலூர், அரியலூர்க் கரிசலின் நிலை என்ன? இங்கேதான் இயற்கையின் வேடிக்கையைக் காண்கிறோம். கல் பிறந்த மண்ணிலேயே கல்லுக்கு மரியாதை இல்லை! அந்தக் கரிசல் சுண்ணாம்பு நிறைந்தது. புளிப்புக்கு நேர் விரோதமான காரத்தன்மை உடையது. ஆகவே கல்லின் பொடியை அங்கே இட்டால் அது கல்லாகவே கிடக்கும். சிமெண்டுக்கு வரமாக வாய்த்த சுண்ணாம்பே பயிரின் மணிச்சத்துக்குத் தடையாக நிற்கிறது.

விலை கொடுத்து வாங்கிய சூப்பர் பாஸ்பேட்டின் கதியும் அங்கே முற்றிலும் தப்புவதில்லை. நீரில் கரையும் நிலையில் அது மண்ணில் விழுகிறது. விழுந்ததும் மண்ணிலுள்ள சுண்ணாம்பு அதைப் பிடித்துக்கொண்டு, நாளடைவில் பழைய கரையாத உருவத்துக்கே திருப்பிவிடுகிறது. தொழிற்சாலை அரும்பாடுபட்டு அவிழ்த்த முடிச்சை, கரிசல் மீண்டும் போட்டுவிடுகிறது. சாக்கின் மேல் அச்சிட்டுள்ள கரைதிறன் சாக்குக்குள் இருக்கும் வரையில்தான் சத்தியம்.

மண்ணின் பாஷையில் கேட்க வேண்டும்

ஆகையால் உரத்தைச் சோதிப்பதோடு மண்ணையும் சோதிக்க வேண்டும். அதிலும், அந்தந்த மண்ணுக்குரிய நீரில் சோதிக்க வேண்டும். இந்த உண்மையை விஞ்ஞானிகள் சிறிது சிறிதாகவே உணர்ந்தனர். புளிப்பு மண்ணுக்கு ஏற்ற ஒரு முறையை அமெரிக்காவில் பிரே, கர்ட்ஸ் என்னும் இருவர் 1945-இல் வெளியிட்டனர். அதே முறையைச் சுண்ணாம்பு மண்ணில் கையாண்டால், மண்ணின் சுண்ணாம்பே அதன் அமிலத்தை விழுங்கிப் பொய்க் கணக்குச் சொல்லும். அத்தகைய மண்ணுக்கென்று ஓல்ஸன் என்பவர் 1954-இல் வேறொரு முறை வகுத்தார். நாம் ஆப்பத்துக்கு இடும் சோடா உப்பின் கரைசலில் மண்ணை அரை மணி நேரம் குலுக்கி, வெளிவரும் பாஸ்பேட்டை அளப்பதே அம்முறை. நம் கரிசலுக்கு இதுவே ஏற்றது. 2015 முதல் வழங்கப்பட்டு வரும் மண்வள அட்டையில் மணிச்சத்துக்கு எதிரே ஓர் எண் இருக்கிறதே, அது இத்தகைய சோதனையின் முடிவு. அதைப் படித்துப் பாராமல், ‘பக்கத்து வயல்காரர் ஒரு மூட்டை போட்டார், நான் இரண்டு மூட்டை போடுகிறேன்’ என்று போட்டி போடுவது மண்ணைக் கேளாமல் மண்ணுக்கு மருந்து கொடுப்பதாகும்.

கரைந்த சத்தைச் சுண்ணாம்பின் பிடியிலிருந்து காக்கவும் வழி உண்டு. கோயமுத்தூர் விவசாய சர்வகலாசாலையார் மானாவாரி நிலங்களுக்குச் சிபாரிசு செய்யும் முறை எளியது. வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டை ஹெக்டேருக்கு 750 கிலோ மக்கிய தொழு உரத்துடன் கலந்து, ஒரு மாதம் மூட்டமாக வைத்திருந்து, விதைக்கும்போது இடுவதே அது. இதனை ஊட்டமேற்றிய தொழு உரம் என்பார்கள். சத்தைச் சாணத்தின் மடியில் வைத்து மண்ணுக்கு அனுப்பும்போது, சுண்ணாம்பு அதை உடனே பற்றிக்கொள்வதில்லை. வேருக்கு அருகே அமிலங்களைச் சுரந்து, கட்டுண்ட பாஸ்பேட்டை விடுவிக்கும் பாஸ்போ பாக்டீரியா என்ற நுண்ணுயிர்களையும் விவசாய இலாகா வழங்கி வருகிறது. அவையும் உண்டு வாழத் தொழு உரம் வேண்டும். நம் முன்னோர் கிடை போட்டதும், குப்பை அடித்ததும் மூட வழக்கம் அல்ல என்பதற்கு ரஸாயனமே இன்று சாட்சி சொல்லுகிறது.

பாஸ்பேட் கல்லும், அதிலிருந்து செய்த அமிலமும் உரமும் மொராக்கோ, ஜோர்டான் முதலிய தூர தேசங்களிலிருந்து பல லட்சம் டன் கணக்கில் இன்றும் நமக்கு வந்துகொண்டிருக்கின்றன. ராஜஸ்தானத்தில் உதயபுரிக்கு அருகே ஜாமர்கோட்ராவில் கல் வெட்டப்பட்டு வந்தாலும், நம் தேவைக்கு அது போதவில்லை. ஊட்டத்தூர்க் கல் இந்தக் குறையை நாளையே தீர்த்துவிடும் என்று ஆசை காட்டுவது நேர்மையாகாது. ஆனால், ஏற்கனவே கரிசலில் கொட்டிக் கட்டுண்டு கிடக்கும் மணிச்சத்தும் ஒரு சுரங்கந்தான். அதற்குக் கப்பல் கூலி இல்லை. தோண்டும் செலவும் இல்லை. எந்த வயலில் எவ்வளவு கட்டுண்டு கிடக்கிறது, எவ்வளவு கரைந்து நிற்கிறது என்று அளந்து அறிந்து, மேலும் கொட்டுவதைக் குறைத்து, உள்ளதைக் கரைக்கும் வழியைத் தேடினால், மிச்சமாகும் ஒவ்வொரு மூட்டையும் குடியானவரின் வீட்டுக்கும் தேசத்துக்கும் லாபம்.

அடுத்த விதைப்புக்கு முன்னால் ஒரு கைப்பிடி மண்ணைப் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்பி வையுங்கள். கல் கரைகிறதோ இல்லையோ, கைப்பணம் வீணில் கரையாமல் இருக்கும்.